தங்கப்பொண்ணு தன் பேரில் வாங்கிய முகவரி

மதுரையில் ஆனையூரைத் தாண்டினால், மனை பிரித்து, ரோடு போட்டு, எல்லைக் கல்லும் நட்டுவிட்டு, வீடு மட்டும் எழும்பாமல் கிடக்கிற ஒரு லேஅவுட் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே போகிறவர்கள் தங்கப்பொண்ணைப் பார்க்கலாம். நாற்பத்து நாலு வயது. சுடிதாருக்கு மேல் கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. ஸ்கூட்டரில் யாராவது ஒரு பெண் உடம்பெல்லாம் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கப்பொண்ணு ஓடிக்கொண்டிருப்பாள். "பிரேக் உங்க கையிலதான் இருக்கு மேடம். ரோட்டப் பாருங்க, சக்கரத்தப் பாக்காதீங்க" என்று ஓட்டத்திலேயே சொல்லிக்கொண்டு வருவாள்.

அவளிடம் வண்டி பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குள். காலேஜ் பிள்ளைகள் வருவதில்லை. அவர்கள் அண்ணன் வண்டியை எடுத்துத் தெருவில் விழுந்து எழுந்து தாங்களே பழகிக்கொள்வார்கள். இங்கே வருகிறவர்கள் இருபது வருஷமாக யாருக்காவது பின்னால் உட்கார்ந்தே போனவர்கள்.

தங்கப்பொண்ணு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். பத்தாவது வரை படித்தாள். மலைச்சாமியைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாள். அவர் லோடு ஆட்டோ ஓட்டினார், இவள் பைபாஸ் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் ஷோரூமில் சேர்ந்தாள். வண்டிகளைத் துடைப்பது, டெலிவரி நாளில் மாலை போட்டுச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது, அதுதான் வேலை. கோடவுனிலிருந்து வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவதற்குப் பதிலாக ஒருநாள் சாவியைப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் அவள் ஓட்டப் பழகியது.

சொந்தச் சம்பளத்தில் வண்டி வாங்குகிற பெண்கள் பலர், படம் எடுத்துக்கொண்டதும் சாவியைத் தம்பியிடமோ புருஷனிடமோ கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்காருவதை அவள் தினமும் பார்த்தாள். அதில் ஒருவர் மெதுவாக அவளிடம், எனக்குச் சொல்லித் தருவியா என்று கேட்டார். மேனேஜர் அனுமதித்தார். கோடவுன் வாசலில் சாயந்திரம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தது. கொரோனா வருஷத்தில் ஷோரூமை மூடிவிட்டார்கள். அங்கே கிடந்த பழைய வண்டி ஒன்றை விலை பேசி வாங்கி, விழுந்தாலும் கால் நசுங்காதபடி இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வெல்டிங் வைத்து, தங்கப்பொண்ணு சொந்தமாக இறங்கிவிட்டாள்.

ஆள் சேர்ப்பதில் சிரமம் இல்லை. சிரமமெல்லாம் போனில்தான் இருந்தது. நம்பரைச் சுவரொட்டியில் போட்டால் வேண்டாத ஆண்களெல்லாம் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிற பெண்களோ எல்லாரும் ஒரே கேள்விகளையே கேட்டார்கள். எத்தனை நாளாகும், சைக்கிள் தெரியாவிட்டால் பரவாயில்லையா, அங்கே ஆம்பிளைகள் நின்று பார்ப்பார்களா, எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது முடியுமா. பாதிப் பேர் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இவள் ஒரு கையில் வண்டிக் கம்பியைப் பிடித்து ஓடிக்கொண்டே இன்னொரு கையில் போனை வைத்து மூச்சு வாங்கப் பதில் சொல்வாள். வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்துப் பார்த்தாள். ஒருவர் நம்பர் எல்லாருக்கும் தெரிந்துபோகிறது, வீட்டில் பையனும் அதே போனைத்தான் பார்க்கிறான் என்று நாலு பேர் விலகிக்கொண்டார்கள். குழுவை அவளே கலைத்துவிட்டாள்.

அப்போது வந்தவன்தான் சிவபாண்டி. மனைவிக்கு வண்டி பழக்கிவிடக் கூட்டிக்கொண்டு வந்தவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஓய்வு நேரத்தில் வெப்சைட் செய்து தருவதாகச் சொன்னான். நல்ல பையன். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்க்கா, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்ததோ, பின்னால் அதுவேதான் வினையாகவும் முடிந்தது.

வெப்சைட் அழகாகத்தான் வந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். போன் பாதியாகக் குறைந்தது. தங்கப்பொண்ணு அந்த முகவரியை ஸ்கூட்டரின் முன்பக்கம், ஹெல்மெட்டுகளில், மலைச்சாமியின் லோடு ஆட்டோ முதுகில், நாற்பது சுவரொட்டிகளில் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் எழுதிவைத்தாள். ஆனால் அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் சிவபாண்டியைத்தான் கூப்பிட வேண்டும். ஒருமுறை வகுப்பு நடக்கும் இடத்தை மாற்ற நேர்ந்தபோது அவன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. ஐந்து பெண்கள் விடியற்காலையில் பழைய இடத்தில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதில் இருவர் அப்புறம் வரவே இல்லை.

பிறகு சிவபாண்டிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சொல்லிவிட்டுத்தான் போனான். நம்பர் மட்டும் மாறிவிட்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு சரண்யாதேவி மட்டும் நின்றார். அரசுப் பள்ளி ஆசிரியை, மூன்றாவது நாள் மாணவி. ஹெல்மெட் வாரை நீவிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"தங்கப்பொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வெப்சைட்ட எங்க வீட்டுக்காரர் நேத்து திறந்து பாத்தாரு. சீட்டாட்ட விளம்பரமா வருது. பொம்பளப் படமெல்லாம் போட்டு."

தங்கப்பொண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. தன் போனில் அடித்துப் பார்த்தாள். பச்சையும் சிவப்புமாக மின்னுகிற எழுத்துகள், உள்ளே வந்தால் பணம் தருவதாக ஆசை காட்டுகிற ஒரு பெண். கீழே தேடினாள். தன் ஸ்கூட்டரும் இல்லை, பேரும் இல்லை. மேலே இருந்த முகவரி மட்டும் அதே முகவரி.

அன்றைக்கு அவள் வேறொன்றும் செய்யவில்லை. மலைச்சாமியைக் கூப்பிட்டாள். இருவரும் ஒரு டப்பா வெள்ளை பெயிண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆட்டோ முதுகிலிருந்து ஆரம்பித்தார்கள். பிறகு செல்லூர், கூடல் நகர், விளாங்குடி என்று போய் ஒட்டியிருந்த சுவரொட்டிகளையெல்லாம் தேடித் தேடிக் கிழித்தார்கள், கிழிக்க வராததன் மேல் பூசினார்கள். மலைச்சாமி அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து டீக்கடையில் நிற்கும்போதுதான், "உன்னயத் தெரிஞ்சவுக யாரும் தப்பா நெனைக்க மாட்டாக" என்றார். "தெரியாதவுகதானே அதப் பாத்துட்டு வாராக" என்றாள் அவள்.

ஒரு வாரம் கழித்து வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பேசினார். எல்லையில்லாத இடம், எல்லையில்லாத போக்குவரத்து, நூறு ஈமெயில், ஆயுளுக்கும் சேவை. அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். நூறு ஈமெயிலை வைத்துத் தான் என்ன செய்வது என்று மட்டும் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடியது. இன்று கையெழுத்துப் போட்டால் முதல் வருஷம் பாதி விலை என்றார். பேனாவை நீட்டினார். வாங்கிவிடத்தான் தோன்றியது. சீட்டாட்டக்காரி அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. என்னவோ தடுக்க, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மலைச்சாமியை அவள் தொழில் விஷயத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பொய் அந்த நேரத்துக்குக் கைகொடுத்தது.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் பிரியம்வதா. ஒரு கல்லூரியில் நூலகர், ஐம்பத்தொரு வயது, எஸ்.எஸ். காலனியில் வீடு. ஒன்பது நாளாக வருகிறார். நேராக ஓட்டுவார், இடது பக்கம் திருப்புவார், வலது பக்கம் திருப்பச் சொன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். அன்று தங்கப்பொண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓட்ட ஆரம்பிக்கும் முன்பே என்ன விஷயம் என்று கேட்டார். இருவரும் அங்கே இருந்த எல்லைக் கல்லில் உட்கார்ந்தார்கள். தங்கப்பொண்ணு முழுக் கதையையும் சொன்னாள்.

பிரியம்வதாவும் கம்ப்யூட்டர் படித்தவரில்லை. ஆனால் பட்டவர். அவர்கள் நூலகத்தின் வெப்சைட்டை வெளியாள் ஒருவர் செய்து கொடுத்திருந்தார். நூலகம் மூடும் நேரம் மாறி நாலு வருஷமாகியும் அதில் பழைய நேரமே நின்றது. அதை மாற்றுகிற பாஸ்வேர்டு யாரிடம் என்பதே காலேஜில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கையில் வாங்கியவர் இவர்தான்.

"இதுல ரெண்டு சமாச்சாரம் தனித்தனி" என்றார் பிரியம்வதா. "முகவரின்னு ஒண்ணு. அத வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். கட்டலேன்னா கொஞ்ச நாள் பாப்பாங்க, அப்புறம் யார் வேணா வாங்கிக்கலாம். உங்களுக்கு நடந்தது அதுதான். இன்னொண்ணு, உங்க எழுத்து, படம் எல்லாம் இருக்கற இடம். அத ஹோஸ்டிங்ங்கறாங்க. வாடகை இடம் மாதிரி. இங்க பிடிக்கலேன்னா வேற இடத்துக்குப் போகலாம். முகவரி கையில இருந்தாத்தான் போக முடியும்."

தங்கப்பொண்ணு சுற்றிலும் நட்டிருந்த கற்களைப் பார்த்தாள். "அப்ப பட்டா சிவபாண்டி பேர்ல இருந்துருக்கு" என்றாள்.

"அதேதான்."

"அந்தப் பையன் ஏமாத்தலங்க. மறந்துருப்பான்."

"மறந்துதான் இருப்பார். அவருக்கு அது நூறு வேலையில ஒண்ணு. உங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை."

கம்பெனிக்காரர் கொடுத்த தாளைப் பிரியம்வதா வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். இரண்டாம் வருஷத்திலிருந்து மூன்று மடங்கு. முகவரி கம்பெனியின் பேரில் பதியப்படும். மாற்றம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். தங்கப்பொண்ணு தாளை மடித்து வண்டி டிக்கியில் போட்டாள். போன வாரம் முழுக்க நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது அப்போதே கொஞ்சம் இறங்கியது. கையெழுத்துப் போடாமல் விட்டதே பெரிய காரியம் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியம்வதா வீட்டில் உட்கார்ந்தார்கள். வெப்சைட்டை நாமே செய்துகொள்கிற மாதிரி இணையச் சேவைகள் பல இருக்கின்றன, பெரும்பாலானவற்றைப் பத்துப் பதினைந்து நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று பிரியம்வதா சொல்லியிருந்தார். ஓட்டிப் பார்க்கலாம் என்ற வார்த்தை தங்கப்பொண்ணுக்குப் பிடித்தது. ஷோரூமில் எட்டு வருஷம் இருந்தவள். பளபளப்பைப் பார்த்து வண்டி வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் என்ன சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். லேப்டாப் வேண்டாம். என் போனில், ஒரு கையால், வெயிலில் நின்றுகொண்டு, தமிழில் நான் மாற்ற முடிய வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு நிஜமாகவே மொட்டை மாடிக்குப் போய் நின்றாள். பிரியம்வதா சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

முதலில் பார்த்தது கண்ணைப் பறித்தது. படங்கள் நகர்ந்தன, எழுத்துகள் மிதந்து வந்தன. ஆனால் 'கொஞ்சம்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நின்றது. ஒரு வரியை மாற்றப் போய் விரல் பட்டு மொத்தப் படமும் ஓரமாக ஓடிவிட்டது. அதைத் திரும்ப இழுத்து நேராக்கக் கால் மணி நேரம் ஆனது. அதை விட்டார்கள்.

அடுத்தது, இடத்தைத் தனியாக வாடகைக்கு எடுத்து, அதில் நாமே எல்லாம் கட்டிக்கொள்கிற வகை. நூலகத்தில் பிரியம்வதா வைத்திருப்பது அதுதான். எதை வேண்டுமானாலும் செய்யலாம், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். காட்டுவதற்காகத் தன்னுடையதைத் திறந்தபோது அதில் பதினான்கு இடத்தில் சிவப்புப் புள்ளி இருந்தது. ஒவ்வொன்றையும் புதுப்பிக்க வேண்டும், விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

"இது மாடு வளக்கிற மாதிரில்ல மேடம். எங்க ஊர்ல மாடு வச்சிருக்கவுக ஒரு கல்யாணத்துக்குக் கூடப் போய்த் தங்க மாட்டாக. எனக்கு இம்புட்டு வேணாம்."

மூன்றாவது பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது. ஆறே ஆறு வடிவம். கட்டுவதும், இடமும், பாதுகாப்பும் எல்லாம் அவர்களே. தமிழ் ஒழுங்காக வந்தது. பெரிய பெரிய பொத்தான்கள், கட்டைவிரலுக்கு எட்டின. வருகிறவர்கள் பேர், போன் நம்பர், வசதியான நேரம், சொல்ல வேண்டியது நாலையும் எழுதி அனுப்ப ஒரு படிவம் இருந்தது. அனுப்பினால் நேராக இவள் போனுக்கு வந்தது. இலவசமாகவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படிச் செய்தால் கீழே அவர்கள் விளம்பரம் ஒன்று ஓடும். விளம்பரம் என்றதும் தங்கப்பொண்ணு வேண்டாமென்று கையை ஆட்டினாள். பணம் கட்டுகிற திட்டத்தின் விலையைப் பார்த்தார்கள். பிரியம்வதா அடுத்த வருஷ விலையையும் தேடிப் படித்தார். அதுவும் அதேதான்.

ஒரு குறையும் உண்டு என்பதைப் பிரியம்வதா மறைக்கவில்லை. நாளைக்கு இங்கிருந்து கிளம்ப நினைத்தால் வடிவத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். தங்கப்பொண்ணு யோசித்தாள். தான் எழுத வேண்டியது மொத்தமே ஏழு பத்தி. ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் ஒரு மத்தியானத்தில் திரும்பக் கட்டிவிடலாம். முகவரி மட்டும் தன் கையில் இருந்தால் போதும்.

புது முகவரியை வேறொரு கம்பெனியில் தனியாகவே வாங்கினார்கள். பழையதைத் திரும்ப வாங்க முடியுமா என்று பிரியம்வதா பார்த்ததில், பிடித்துவைத்திருந்தவர்கள் டாலரில் விலை போட்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டார்கள். பேர் வைப்பதில்தான் நேரம் பிடித்தது. தங்கப்பொண்ணு என்று தன் பேரையே வைக்க அவளுக்கு ஆசை. ஆங்கிலத்தில் அதை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள் என்று பிரியம்வதா நாலு விதத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். வழி கேட்கிறவர்களுக்கு வாயால் சொன்னால் தப்பில்லாமல் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசியில் மதுரை ஸ்கூட்டர் கிளாஸ் என்று வைத்தார்கள். கொஞ்சம் வருத்தம்தான். உள்ளே முதல் வரியில் தன் பேரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டாள்.

பணம் கட்டும் நேரத்தில், வேகமாக முடியட்டும் என்று பிரியம்வதாவின் ஈமெயிலையே கொடுத்துவிடலாமா என்றாள் தங்கப்பொண்ணு.

"கூடாது" என்றார் பிரியம்வதா. "ஓ.டி.பி. யார் போனுக்கு வருதோ அவங்கதான் இதுல முதலாளி. நானும் நாளைக்கு எங்கயாவது போகலாம்."

அதனால் தங்கப்பொண்ணு பேரில், அவள் ஈமெயிலில், அவள் நம்பரில் பதிந்தார்கள். ஆறு இலக்க எண் அவள் போனில் வந்து விழுந்தது. கண்ணாடி போடாமல் அதைப் படிக்க அவளுக்கு இரண்டு தடவை ஆனது. ரசீதில் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பேரைப் பார்த்தபோது, அதை விரலால் பெரிதாக்கி இன்னொரு தடவை படித்தாள். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யார் பேரிலும் எந்தப் பத்திரமும் பதிவானதில்லை. இது பத்திரம் இல்லைதான். ஆனாலும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

ஏழு பத்தியையும் அவளே எழுதினாள். போனில் கேட்கிற கேள்விகளைக் கேட்கிற மாதிரியே எழுதி, தான் சொல்கிற மாதிரியே பதில் எழுதினாள். சைக்கிள் தெரிய வேண்டியதில்லை. பழகுவதற்கான லைசென்ஸ், எல்.எல்.ஆர்., கட்டாயம் வேண்டும். சேலை கட்டி வந்தால் முந்தானையை ஊக்குப் போட்டுச் செருகிக்கொள்ளவும். விழுவீர்கள், அடிபடாமல் விழலாம். எல்லாவற்றுக்கும் மேலே, 'இன்றைய வகுப்பு' என்று ஒரு வரிக்கு இடம் விட்டாள். காலையில் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எல்லாரிடமும் சொன்னாள். புது முகவரியை ஆட்டோ முதுகிலும் சுவரொட்டிகளிலும் திரும்ப எழுதினாள்.

படிவம் வழியாக வந்த நாலாவது செய்தியை அவள் இன்னும் அழிக்கவில்லை. 'வீட்டில் தெரியாது. போன் பண்ண வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு வருகிறேன். முத்துத்தாய்.' அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை, ஐம்பத்தாறு வயது. இருட்டோடு எழுந்து, பஸ் கிடைக்காமல் நடந்தே வேலைக்குப் போகிறவர். போன் நம்பர் மட்டும் இருந்திருந்தால் இவர் வந்திருக்க மாட்டார் என்பது தங்கப்பொண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. முதல் நாள் அவரை ஓட்டவிடவில்லை. எஞ்சினைப் போடாமல் காலால் உந்தி உந்தி அரை மணி நேரம் போகச் சொன்னாள். "எம்புட்டு கனமா இருக்கும்னு பயந்தேன், ஒண்ணுமில்லயே" என்றார் அவர்.

இடையில் சிவபாண்டி கூப்பிட்டான். ஊரிலிருந்த மனைவி சொல்லித்தான் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவன் பார்க்காத பழைய ஈமெயிலுக்குப் போயிருந்தன. மன்னிக்கச் சொல்லித் தடுமாறினான், புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றான். தங்கப்பொண்ணுக்குக் கோபம் வரும் என்று அவளே நினைத்திருந்தாள். வரவில்லை. புதுசு வந்துருச்சு தம்பி, நீ மனசுல வச்சுக்காத என்றாள். பிள்ளை பிறந்திருக்கிறதா என்று விசாரித்தாள். போனை வைத்தபோது அவன் பெருமூச்சு விட்டது இவளுக்குக் கேட்டது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று உசிலம்பட்டிக்குப் போயிருந்தாள். திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம், நின்றுகொண்டுதான் வந்தாள். செக்கானூரணி வருவதற்குள் லேஅவுட் காவலாளி மருது கூப்பிட்டார். "ஆத்தா, குழாய் போடுறதுக்கு ரோட்டப் பூராத் தோண்டிட்டாக. நாளைக்கு இங்க நடக்கக்கூட முடியாது" என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஏழு பெண்கள் ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. இரண்டு பேர் புதியவர்கள். போன் பண்ணக்கூடாது என்று சொன்னவர்கள் மூன்று பேர். முன்பு பழைய இடத்தில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போன ஐந்து பேர் அவளுக்கு ஞாபகம் வந்தார்கள். பனங்காடிப் பக்கம் இன்னொரு லேஅவுட் உண்டு, அதன் உரிமையாளருக்கு இவளைத் தெரியும். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள், தாராளமாக வரச் சொன்னார். பிறகு ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கை கட்டைவிரலால் அந்த மேல் வரியைத் திறந்தாள். பஸ் குலுங்கியதில் இரண்டு முறை தப்பாக விழுந்தது, அழித்து எழுதினாள். இடம், வழி, பக்கத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அடையாளம். வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினாள். பிறகு புது ஆளாக உள்ளே வந்து பார்க்கிற மாதிரி முகவரியை முழுசாக அடித்துத் திறந்தாள். மாறியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இறங்கினார். அவள் உட்கார்ந்தாள்.

காலையில் ஐந்தே முக்காலுக்கே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றாள். சரண்யாதேவி முதலில் வந்தார், தன் சொந்த வண்டியில். பின்னால் புதியவர்கள் இருவர் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், ஒருவரையொருவர் அதுவரை தெரியாதாம், தொட்டிக்கு வழி கேட்ட இடத்தில் சந்தித்திருக்கிறார்கள். பிறகு முத்துத்தாய். பிறகு இன்னும் இருவர். ஆறேகாலுக்குப் பிரியம்வதாவும் தானே வண்டி ஓட்டி வந்து சேர்ந்தார். பனங்காடி ரோட்டிலிருந்து உள்ளே வர வலது பக்கம்தான் திரும்ப வேண்டும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு பேரும் இருந்தார்கள். இடத்தை ஏன் மாற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாற்றியது ஒரு பெரிய விஷயமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை.

எட்டரைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். தங்கப்பொண்ணு தொட்டி நிழலில் உட்கார்ந்து, வரும் வழியில் வாங்கியிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நாலு இட்லி, சாம்பார் ஆறியிருந்தது. போன் பக்கத்தில் கிடந்தது. ஒருதடவை மட்டும் சின்னதாக ஒலித்தது, யாரோ ஒருவர் புதன்கிழமைக்குப் பேர் பதிந்திருந்தார். கை கழுவிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு நாலு இட்லியையும் சாப்பிட்டு முடித்தாள். வீட்டுக்குப் போனதும் பாயை விரித்துப் படுத்தவள்தான், மலைச்சாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுப்பும் வரை எழுந்திருக்கவில்லை.